மூன்று முறை தோற்றவர்களுக்கு மட்டும்

பல் டாக்டரம்மா வந்து வண்டியை விலைக்குக் கேட்டபோது மாஸ்டரம்மாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

அந்த வண்டியைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும். மூன்று கை மாறி நாலாவதாக அவளிடம் வந்து சேர்ந்தது. அதன் நிறம் என்ன என்று கேட்டால், கூரையைப் பார்த்து ஒன்று சொல்லலாம், கதவைப் பார்த்து இன்னொன்று சொல்லலாம். ஜன்னல் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் ஒரு குறடு செருகியிருக்கும். மழை பெய்தால் பின்சீட்டில் இருப்பவர்களில் ஒருவர் நனைவார், ஒருவர் நனையமாட்டார். எவர் என்பது காற்று வீசும் திசையைப் பொறுத்தது. வீட்டு வாசலில் புத்தம்புது வண்டியை நிறுத்தி வைத்திருக்கிற டாக்டரம்மா இப்படிப்பட்ட ஒன்றைப் போய், நீங்கள் என்ன விலை சொன்னாலும் சரி என்று கேட்டால் என்ன செய்வது?

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று பார்க்கிற முகத்தோடு வண்டியின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

போன வாரம் பேக்கரிக்காரரும் இதையேதான் கேட்டிருந்தார். விளையாடுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டாள். அதற்கும் முன்னால் கணக்கு டீச்சர் ஒருவர் போனில் கூப்பிட்டு, இதே மாதிரி வண்டி இன்னொன்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருந்தார். இப்போது டாக்டரம்மா. மூன்று பேரும் இவளிடம் வண்டி ஓட்டக் கற்று, சோதனையில் தேறி, லைசென்ஸ் வாங்கிப் போனவர்கள். மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

மாஸ்டரம்மா என்ன மாஸ்டர் என்று கேட்பீர்கள். டிரைவிங் பள்ளி நடத்துகிறவள். மாஸ்டர் என்று கூப்பிட நாக்கு வராமல், வெறும் அம்மா என்று கூப்பிட மனசும் வராமல், வந்தவர்கள் இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். பள்ளி என்றால் ஒரு வண்டி, ஓர் அறை, அறையில் ஒரு மேசை, கொஞ்சம் நாற்காலி, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த படம். அவ்வளவுதான். அதே தெருவில் பெரிய பள்ளிகள் வேறு இருந்தன. வரிசையாக வண்டிகள், கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பின்னால் ஏசி. எல்லோருக்கும் எல்லா வண்டியும் கற்றுத் தரப்படும் என்று அவர்கள் போர்டு சொன்னது. அவள் போர்டும் அதையேதான் சொன்னது. அவர்கள் போர்டில் விளக்கு எரிந்தது, இவள் போர்டில் பல்லி குடியிருந்தது. "வண்டி ஓட்டக் கத்துத் தரேன்னு போயி ஈ ஓட்டிட்டு வர்றா" என்று அவள் வீட்டுக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை அவளே கேட்டிருக்கிறாள்.

அந்த வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி. விளம்பரக் கம்பெனியில் வேலை. எதைப் பேசினாலும் "ஒரு ஐடியா அண்ணி" என்று தொடங்குவான் என்பதால் வீட்டில் அவனுக்குப் பெயரே ஐடியா. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்.

"எல்லாருக்கும்னு போர்டு வெச்சா யாருக்கும் இல்லன்னு அர்த்தம் அண்ணி. ஊரையே வளைச்சுப் புடிக்கப் போகாதீங்க. சின்னதா ஒரு கூட்டம், வேற யாரும் சீந்தாத கூட்டமாப் பாத்து, உங்களுக்கு மட்டும்தான்னு சொல்லுங்க."

எந்தக் கூட்டம் என்று இருவரும் யோசித்தார்கள். பெண்களுக்கு மட்டும் என்று ஏற்கெனவே ஒரு பள்ளி இருந்தது. வயதானவர்களுக்கு என்றால் அவர்களுடைய பிள்ளைகள் சாவியை ஒளித்து வைத்துவிடுவார்கள். யோசித்து அலுத்துப்போய், நீங்க எப்படி அண்ணி கத்துக்கிட்டீங்க என்று சும்மா கேட்டான் ஐடியா. அவளும் சும்மாதான் சொன்னாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் கையில் மர ஸ்கேல் வைத்திருப்பார். தப்புச் செய்தால் டாஷ்போர்டில் டொக்கென்று தட்டிக் கத்துவார். அந்த டொக்குக்குப் பயந்தே அவள் மூன்று தடவை சோதனையில் தோற்றாள். ஐடியா சோறு அள்ளிய கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டான்.

அப்படித்தான் அந்தப் போர்டு வந்தது. "சோதனையில் மூன்று முறையாவது தோற்றவர்களுக்கு மட்டும்."

முதலில் எதிர்ச்சாரியில் நின்று படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு நாள், சாராயக் கடைக்குள் நுழைகிறவரைப்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு பேக்கரிக்காரர் உள்ளே வந்தார். கடைசி இரண்டு தோல்வியை அவர் சம்சாரத்திடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அடுத்து பல் டாக்டரம்மா. ஊரான் வாய்க்குள் ஊசி இறக்கும்போது நடுங்காத கை, கியரைத் தொட்டால் நடுங்கியது. அதற்கப்புறம் அறையில் நாற்காலி போதவில்லை. வெளியே தலைகுனிந்து நடக்கிறவர்கள் அந்த அறைக்குள் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் கம்பத்தில் இடித்தேன், நான் அதிகாரியின் காலடியில் கொண்டுபோய் நிறுத்தினேன் என்று பெருமையடித்துக்கொண்டார்கள். அதிகம் தோற்றவருக்கு மின்விசிறிக்குக் கீழே இருக்கிற நாற்காலி என்று தங்களுக்குள்ளேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். இரண்டே தடவை தோற்றவர்கள் வந்தால், இன்னொன்று தோற்றுவிட்டு வாருங்கள் என்று மாஸ்டரம்மா திருப்பி அனுப்புவாள். அவர்களும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தரை விதி மீறிச் சேர்த்தாலும் போர்டு பொய்யாகிவிடும் என்பது ஐடியாவின் கண்டிப்பு.

ஆச்சரியம் என்னவென்றால், அவளிடம் வந்தவர்கள் தேறினார்கள். ஒருவர் விடாமல் என்றே சொல்லலாம்.

அதற்குக் காரணம் தன் பொறுமை என்று அவள் நினைத்திருந்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை. பள்ளி வண்டிகளில் எல்லாம் இருப்பதுபோல அவள் காலடியிலும் இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக் இருந்தன, ஆபத்து அவசரத்துக்கு. அவளுக்கு ஆபத்து அவசரம் வந்ததாக நினைவே இல்லை.

சோதனைக்கும் அந்த வண்டியிலேயே போகலாம். அதிகாரி பின்சீட்டில் உட்காருவார். கற்றுக்கொடுத்தவர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது, கையை நீட்டக்கூடாது. பின்சீட்டின் சுருள்கம்பி குத்துகிறது என்று அதிகாரி அவள் வண்டிக்கென்றே வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவருவார். ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு. மடியில் கோத்து வைத்த அவள் கைகளை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார், பிறகு தன் அட்டையில் குறிக்கத் தொடங்குவார்.

சரி, இப்போது அக்காவின் கதைக்கு வருகிறேன்.

மாஸ்டரம்மாவுக்கு ஒரே ஒரு அக்கா. வீட்டில் பெரியவ என்பார்கள். பெரியவ பிறந்ததிலிருந்து எதிலும் தோற்றதில்லை. பள்ளியில் முதல் மார்க், ஓட்டப் பந்தயத்தில் முதல் ஆள், பல்லாங்குழியில் உட்கார்ந்தால் எதிராளி அழுதுகொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். தங்கை எது செய்தாலும், அதை அக்கா ஏற்கெனவே இன்னும் நன்றாகச் செய்து முடித்திருப்பாள். இப்போது அக்காவின் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், வீடு வெறிச்சென்று இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு ஒரு வேலை அமைந்தது. காலையில் சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்குத் தானே வண்டி ஓட்டிப் போய், ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் எடுத்து வரவேண்டும். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வாருங்கள், மூன்று மாதம்வரை இடத்தைப் பிடித்து வைக்கிறோம் என்றார்கள். பெரியவ வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கையிடம் ஒன்று கேட்டு வந்தாள்.

வந்தவள் போர்டைப் படித்தாள். "தோத்தவங்களுக்கு மட்டுமா? நல்ல கடைடி."

அந்த வார்த்தை தங்கைக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். "ஆமாக்கா. மூணு தடவ தோத்துட்டு வா, சேத்துக்கறேன்" என்றாள்.

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். கொஞ்சம் வேடிக்கை இல்லாமலும்தான். பெரியவ கைப்பையை எடுத்துக்கொண்டு போனவள், நேராகப் பெரிய பள்ளியொன்றில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

டாக்டரம்மா வண்டியை விலைக்குக் கேட்ட அதே நாள், அவள் போன பின்னால், அதே வாசலில் பெரியவ வந்து நின்றாள். முகம் வெயிலில் கிடந்த துணிமாதிரி வெளுத்திருந்தது.

"இப்ப சேத்துக்குவியா?" என்றாள்.

மாஸ்டரம்மாவுக்குப் புரியவில்லை. நீயா தோற்றாய், மூன்று தடவையா, என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"மொதல் தடவ வேணும்னேதான் தோத்தேன், உன் போர்டுக்காக. ரெண்டாவது தடவையும் வேணும்னேதான் தோக்கப் போனேன். ஆனா அதுக்குள்ள அது தானாவே தோத்துடுச்சு. மூணாவது தடவ..." பெரியவ நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூணாவது தடவ ஜெயிக்கத்தான்டி போனேன்."

அறையில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே இருந்த முதியவர் எழுந்து, இங்கே வந்து உட்காரும்மா என்றார்.

மாஸ்டரம்மாவுக்கு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தலை சுற்றியது. தோற்கத் தெரியாதவள் தோற்றிருக்கிறாள், இது ஒன்று. புது வண்டி வைத்திருப்பவர்கள் ஓட்டை வண்டியைக் கேட்கிறார்கள், இது இன்னொன்று. ஐடியாவிடம் கேட்டால் அவனிடம் பதில் தயாராக இருந்தது. அதுக்குப் பேர்தான் பிராண்டு அண்ணி, உங்க வண்டி ராசியான வண்டின்னு பேர் வாங்கிடுச்சு, இதே மாடல்ல பழைய வண்டியா வாங்கி வாங்கி வித்துடலாம் என்றான். அவளுக்கு அது சரியென்றும் பட்டது, பைத்தியக்காரத்தனமென்றும் பட்டது. மறுநாள் டாக்டரம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

புது வண்டி வாசலில்தான் நின்றது. மேலே உறை. உறையின் மேல் ஒரு பூனை குட்டியோடு படுத்திருந்தது, ரொம்ப நாளாக அங்கேயே குடித்தனம் நடத்துகிற தோரணையில். உறையை இழுத்தபோது கிளம்பிய தூசியில் இரண்டு பேரும் தும்மினார்கள்.

"எடுக்கவே இல்லையா?" என்றாள் மாஸ்டரம்மா.

"எடுத்தேன். ரெண்டு தடவ. இது சரியில்ல மாஸ்டரம்மா. உங்க வண்டி நான் மனசுல நெனைக்கும்போதே நிக்கும். இது நிக்க மாட்டேங்குது. கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குங்கறான்."

பேக்கரிக்காரர் வண்டியும் அப்படியேதானாம். மாவு மூட்டைகளை அதற்குள் அடுக்கி வைத்திருக்கிறாராம். கணக்கு டீச்சர் வாங்கின விலையில் பாதிக்கே விற்றுவிட்டாராம். லைசென்ஸை மட்டும் எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

எங்கே, ஓட்டுங்கள் பார்க்கலாம் என்று மாஸ்டரம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். டாக்டரம்மா கிளப்பினாள். நன்றாகத்தான் கிளப்பினாள். வண்டி வாசல் கேட்டை நோக்கி மெல்லப் போயிற்று. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றாள் மாஸ்டரம்மா. அப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது வண்டி பூந்தொட்டி இரண்டைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டில் முட்டி நின்றது.

"பாத்தீங்களா?" என்றாள் டாக்டரம்மா, அழமாட்டாக் குறையாக. "உங்க வண்டியா இருந்தா நின்னிருக்கும்."

உண்மைதான். அவள் வண்டியாக இருந்தால் நின்றிருக்கும். அதுதான் ஏன் என்று விளங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவள் கெண்டைக்கால் விண்விண்ணென்று வலித்தது. வண்டியில் உட்கார்ந்துதானே போனோம், எதற்கு வலிக்கிறது? இப்போதென்று இல்லை, தினம் சாயங்காலம் வலிக்கத்தான் செய்கிறது. செருப்பு வேறு, வலது கால் மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. சும்மா உட்கார்ந்து வருகிற உங்களுக்கு எப்படியம்மா தேய்கிறது என்று செருப்பு தைக்கிறவர் ஒரு தடவை கேட்டிருந்தார். நடக்கும்போது சாய்ந்து நடக்கிறேனோ என்னவோ என்று சொல்லி வைத்திருந்தாள்.

அக்காவுக்குப் பாடம் தொடங்கியது. சோதனை மைதானத்துக்குப் பின்னால் ஆளில்லாத பழைய கிடங்கு ஒன்று, அதன் சிமெண்ட் முற்றத்தில்தான் எப்போதும் பழக்குவாள். பெரியவ சாவியைத் திருகினாள். வண்டி கிளம்பியது, வளைந்தது, தூணுக்கு முன்னால் அழகாக நின்றது. இன்னொரு சுற்று. அதுவும் அப்படியே. தங்கைக்குப் பூரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பார், இதிலும் முதல் மார்க். பெரிய பள்ளிக்காரன் ஏதோ கெடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

பெரியவ மட்டும் சந்தோஷப்படவில்லை. வண்டியை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வண்டிய நிறுத்தினது யாரு?" என்றாள்.

"நீதான்."

"நான் பிரேக்க இன்னும் தொடவே இல்லடி. தொடப் போனேன், அதுக்குள்ள நின்னுடுச்சு."

தொட்டிருப்பாய், உனக்கே தெரியாது என்றாள் தங்கை. எனக்கா தெரியாது என்றாள் அக்கா. சின்ன வயதில் போட்ட சண்டையெல்லாம் போல இதுவும் தெரியும் தெரியாது என்று வளர்ந்தது. கடைசியில் பெரியவ செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். "சரி. இப்ப கெளப்பறேன். கெளம்பினதும் ரெண்டு காலையும் மேல தூக்கிடுவேன். என்ன ஆகுதுன்னு பாப்போம்."

சொன்னபடியே செய்தாள். வண்டி கிளம்பி ஓடத் தொடங்கியதும் இரண்டு முழங்காலையும் ஸ்டீயரிங் வரைக்கும் மடக்கித் தூக்கிக்கொண்டாள். வண்டி அதுபாட்டுக்கு முற்றத்தைக் கடந்தது. தூண் வந்தது. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று மாஸ்டரம்மா பழக்க தோஷத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். தூணுக்கு முன்னால், எப்போதும் நிற்கிற இடத்தில், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி நின்றது.

இரண்டு பேரும் மெல்லக் குனிந்து பார்த்தார்கள்.

மாஸ்டரம்மாவின் வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. இடது கால் கிளட்சின் மேல் இருந்தது. இரண்டும் தரை வரைக்கும் அழுத்தியிருந்தன. அவள் தன் கால்களை யாரோ அந்நியர் கால்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சத்தியமா நான் வைக்கலக்கா" என்றாள்.

குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கவனித்திருக்கிறீர்களா? குழந்தை வாய் திறக்கும்போது ஊட்டுகிறவள் வாயும் திறக்கும். திற என்று யாரும் சொல்வதில்லை, திறந்ததும் அவளுக்குத் தெரிவதில்லை. மாஸ்டரம்மாவின் கால் அந்த மாதிரிக் கால். பக்கத்தில் இருப்பவர் முகத்தில் பயம் தெரிந்த நொடியில் அது தானாக இறங்கிவிடும். ஸ்கேலால் தட்டிக் கத்தாமல் இருக்க அவள் பழகிக்கொண்ட நாளிலிருந்து, வாய்க்குப் பதிலாகக் கால் வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் பேக்கரிக்காரர்? டாக்டரம்மா? அந்த அறையில் உட்கார்ந்து எழுந்து போன அத்தனை பேரும்? யார் தேறினார்கள்? அதிகாரி எட்டி எட்டிப் பார்த்ததெல்லாம் அவள் கைகளை. ஊரில் ஒரு சின்னக் கூட்டத்தைப் பிடித்து, உங்களுக்கு மட்டும் என்று போர்டு வைத்து, அவர்களுக்கு அவள் விற்றது என்ன? லைசென்ஸா, தன் காலையா? யோசிக்க யோசிக்க, சிக்கு விழுந்த நூலில் முனை தேடுகிறமாதிரி இருந்தது.

பெரியவ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "இன்னொரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கு. அதுக்குள்ள உன் காலை எடு."

"எடுத்தா நீ தோத்துட்டா? வேலை போயிடுமேக்கா. சோதனை அன்னிக்கு மட்டும் இருக்கட்டுமே. அப்புறமா நிதானமா ஓட்டப் பழகிக்கலாம்."

ஆசை பெரியவ முகத்தில் வந்து நின்றது, தங்கை பார்த்தாள். தோற்று நின்றவள் அல்லவா, அவளுக்கும் ஒரு வெற்றி வேண்டியிருந்தது. பிறகு அவள் சொன்னாள்: "அடுத்த நாள் காலைல ஐஸ் பெட்டி பக்கத்து சீட்ல இருக்கும்டி. நீ இருக்கமாட்ட."

காலை எடு என்று சொல்வது லேசு. அது சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமே. மாஸ்டரம்மா இருக்கையைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள், கால் எட்டிப்போய் அழுத்தியது. துப்பட்டாவால் இரண்டு கணுக்காலையும் கட்டிப் பார்த்தாள், இரண்டும் சேர்ந்து போய் அழுத்தின. கண்ணை மூடிப் பார்த்தாள், அக்காவின் மூச்சு மாறுவது காதில் விழுந்ததும் கால் இறங்கியது. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கையாலும் ஒரு கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவ அப்போதுதான் உண்மையாக ஓட்டத் தொடங்கினாள். ஐயோ, அது என்ன ஓட்டம். வண்டி தவளைபோலத் தாவியது. நின்று நின்று அணைந்தது. தூணை இரண்டு தடவை உரசியது. பக்கத்தில் இருந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலைத் திருகிக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கு என்று ஒரு தடவைகூட வாயில் வரவில்லை. மாலைக்குள் தாவல் குறைந்தது. மறுநாள் உரசல் நின்றது. ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புவது மட்டும் பிடிபடவேயில்லை, பத்தில் பாதி தடவை வண்டி பின்னால் உருண்டது.

சோதனை நாளில் அதிகாரி தலையணையோடு ஏறி உட்கார்ந்தார். வழக்கம்போல முன்னால் எட்டிக் கைகளைப் பார்த்தார். கைகளுக்குள் கால்கள் இருந்தன.

"என்னம்மா இது?" என்றார்.

"கால் வலி சார்" என்றாள் மாஸ்டரம்மா. அது பொய்யும் இல்லை.

பெரியவ கிளப்பினாள். கோடுகளுக்கு நடுவில் வளைந்தாள். கம்பங்களுக்கு இடையே பின்னால் எடுத்து நிறுத்தினாள். பிரேக்கைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக மிதித்ததில் அதிகாரியின் பேனா முன்சீட்டுக்குக் கீழே ஓடிப்போயிற்று. பிறகு ஏற்றம் வந்தது. பாதியில் நிறுத்தச் சொன்னார் அதிகாரி. நிறுத்தினாள். கிளப்பச் சொன்னார். இன்ஜின் இருமியது, அணைந்தது, வண்டி பின்னால் உருளத் தொடங்கியது.

மாஸ்டரம்மாவின் கால் துள்ளியது. வலையில் மாட்டின மீன் துள்ளுவதுபோல. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கக்கூடாதென்று ஜன்னலில் செருகியிருந்த குறட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலைக் கீழே விட்டால் போதும், ஒரே ஒரு நொடி. அக்காவுக்கு வேலை கிடைத்துவிடும். வண்டி உருண்டது. அப்புறம் நின்றது. எங்கோ பிரேக் பிடித்த சத்தம், சாவி திருகுகிற சத்தம், இன்ஜின் உறுமுகிற சத்தம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. வண்டி குலுங்கிக் குலுங்கி மேலே ஏறியது.

இறங்கியதும் அதிகாரி ரொம்ப நேரம் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தார். "உங்க வண்டில எத்தனையோ தடவ உக்காந்திருக்கேன். இன்னிக்குத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார். பிறகு அட்டையில் தேர்ச்சி என்று போட்டுக் கையெழுத்திட்டார். "ஆனா இன்னிக்கு ஓட்டினது யாருன்னு தெரிஞ்சுது."

இவர் இத்தனை நாளும் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்? தெரிந்தே விட்டாரா, இன்றுதான் தெரிந்ததா? மாஸ்டரம்மா கேட்க வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

ஐடியாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்படின்னா நம்ம கூட்டமே வேற அண்ணி, பாஸ் ஆகியும் ஓட்டத் தெரியாதவங்களுக்கு மட்டும்னு போர்டை மாத்தணும் என்றான். மாஸ்டரம்மா தேறிப் போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, தப்பு என் காலில்தான், வாருங்கள், உங்கள் வண்டியிலேயே முதலிலிருந்து பழகலாம், காசு வேண்டாம் என்றாள். டாக்டரம்மா அன்றைக்கே வந்துவிட்டாள். அறையில் இருந்தவர்கள் விடவில்லை. இவங்க பாஸ் ஆனவங்க, இவங்களை எப்படி உள்ளே விடலாம் என்று சண்டைக்கு வந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே இருந்தவர், ஆறு தடவை தோற்ற என்னைவிடவா என்று கேட்டார். நான் ஏழு தடவை தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும் முதியவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாதி எழுந்து அப்படியே நின்றார். போர்டு இப்போதைக்கு அப்படியேதான் தொங்குகிறது. இனி யாருக்கு மட்டும் என்று எழுதுவது?

பெரியவ வேலையில் சேர்ந்த காலையில் தங்கை பரிசோதனைக் கூடத்து வாசலுக்குப் போயிருந்தாள். வராதே என்று அக்கா சொல்லியிருந்ததால் எதிர்ச்சாரி நடைபாதையில், ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பெரியவ ஐஸ் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அதற்கு பெல்ட் போட்டுவிட்டாள். கண்ணாடியைச் சரி செய்தாள். கிளப்பினாள். ஒரு தடவை அணைந்தது, மறுபடி கிளப்பினாள். வண்டி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

தெருக்கோடியில் திருப்பம். பஸ் திடீரென்று நின்றது. நடைபாதையில் நின்றவளின் வலது கால் சிமெண்ட்டை அழுத்தியது, செருப்பு வளையும் அளவுக்கு. அங்கே பெரியவ வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து விளக்கு அணைந்து, வண்டி திருப்பத்தில் மறைந்தது.

பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மாள், கால்ல ஏதாச்சும் குத்திடுச்சாம்மா என்று கேட்டாள். மாஸ்டரம்மா குனிந்து காலைப் பார்த்தாள். விளக்கு எரிந்த பிறகு கால் அழுத்தியதா, கால் அழுத்திய பிறகு விளக்கு எரிந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். எது முதலில் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.